ஓர் இரும்புத் துண்டுக்கு நான்கு பிறப்பிடங்கள்

மாத்தளையிலிருந்து வத்தேகம நோக்கி மலைமேலாகப் போகும் பாதையில் எல்கடுவ இருக்கிறது. ஹுன்னஸ்கிரிய மலையும் அதன் அருவியும் அருகில், சரிவெங்கும் தேயிலை. 1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது. தேயிலைக்கு முன்னர் இந்த மலைகளில் கோப்பி. கோப்பிக்கு முன்னர் கண்டி இராச்சியத்தின் காடு.

மலைத் தோட்டங்களில் பழைய இரும்பை எவரும் எளிதில் எறிவதில்லை. உடைந்த அச்சு மதகுக்கு முட்டாகும். தேய்ந்த பட்டை கத்தியாகும். எல்கடுவ போன்ற ஓரிடத்தில் கான் வெட்டும்போது ஒரு தடித்த கடையாணியோ, சக்கரக் குடத்தின் உலோக வளையமோ மண்ணுக்குள்ளிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “அந்தக் காலத்து ஆமிக் குதிரை வண்டியின் பாகம்” என்று ஒருவர் சொல்கிறார். “கோப்பி ஏற்றிய மாட்டு வண்டியாக இருக்கும்” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்பதை எப்படிச் சோதிப்பது? அதற்கான வழிகள்தாம் இந்த அத்தியாயம்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும்போது நான்கு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். இந்த வடிவம் எங்கே வகுக்கப்பட்டது? இந்தத் துண்டு எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது? எந்தப் படையிடம், எந்த வேலைக்கு இருந்தது? கடைசியாக, கிடைத்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? லண்டனுக்கு அருகே வகுத்த வடிவத்தைக் கல்கத்தாவில் செய்யலாம், திருகோணமலையில் பாவிக்கலாம், ஏலத்தில் வாங்கி மலைத்தோட்டத்துக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

சக்கரத்துக்கு முன்னால் வீதி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். சக்கரம் உருள வீதி வேண்டும். மாத்தளை மலைகளுக்கு வீதி எப்போது வந்தது என்று தெரிந்தால், கையில் இருக்கும் துண்டின் காலத்துக்கு ஓர் எல்லை கிடைத்துவிடும்.

1803இன் தொடக்கத்தில் பிரித்தானியப் படைகள் இரு திசைகளிலிருந்து கண்டியை நோக்கி நடந்தன. கொழும்பிலிருந்து ஜெனரல் ஹே மக்டோவல் வந்தார். திருகோணமலையிலிருந்து கேர்ணல் பாபுட் வந்தார். மாத்தளையில் அவர்கள் அமைத்த கோட்டைக்கு மக்டோவலின் பெயர். அந்தக் கோட்டை நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கண்டியில் இருந்த படை அழிந்தது. மாத்தளைக் கோட்டையைக் கைவிட்டு அங்கிருந்தவர்கள் திருகோணமலைக்குப் பின்வாங்கினார்கள். அந்த நாட்களில் கண்டி மலைகளுக்குள் இருந்தவை ஆள் நடக்கும் தடங்களே. எதிரி உள்ளே வராதிருக்கக் காட்டையும் கணவாயையும் அரணாக வைத்திருந்தது கண்டி அரசு; அகன்ற வீதி அதற்கு வேண்டாத பொருள். ஆகவே சிறிய பீரங்கிகள்தாம் உள்ளே வந்தன. அவற்றை இழுக்கவும் தூக்கவும் பீரங்கி லஸ்கர்கள் என்ற தனிப் பிரிவே பிரித்தானியரிடம் இருந்தது. சுமையாட்களும் யானைகளும் எருதுகளும் அவர்களோடு சேர்ந்து உழைத்தன.

1815 மார்ச் 2ஆம் தேதிய கண்டி ஒப்பந்தத்துக்குப் பின் நிலைமை மாறியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சியில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. அதை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவர் பெயரிலான கோபுரம் இன்றும் நிற்கிறது. 1832இல் அந்த வீதியில் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடியது. வீதிகள் கண்டியிலிருந்து மாத்தளைக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டன. 1848இல் மாத்தளையில் வீர புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் கிளர்ந்தெழுந்தபோது, கண்டியிலிருந்து படை விரைந்து வர முடிந்ததற்கு இந்த வீதியும் ஒரு காரணம். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1880இல் மாத்தளையை அடைந்தது.

ஆகவே, பெரிய சக்கரம் பூட்டிய படை வண்டி ஒன்று 1820களுக்கு முன் தன் சொந்தச் சக்கரத்தில் இந்த மலைக்கு ஏறியிருக்கும் என்பது நம்பத்தக்கதன்று. 1803இன் சிறு பீரங்கி வண்டி ஒன்றின் துண்டு தூக்கி வரப்பட்டிருக்கலாம். 1830க்குப் பின் வீதி வழியாக உருண்டு வந்திருக்கலாம். 1880க்குப் பின் மாத்தளை நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் ஏறி வந்திருக்கலாம். பிந்திய காலத்துக்கும் படைத் தொடர்பு உண்டு: 1892இல் இலங்கைக் குதிரைக் காலாட்படையும் 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத்துரைமார் துவக்குப் படையும் அமைக்கப்பட்டன. இந்தப் படைகளில் சேர்ந்தவர்கள் மலைத் தோட்டங்களின் துரைமாரே. எனவே தோட்டத்தில் கிடைத்த படைப்பொருளுக்குப் போர் ஒன்றைத் தேடவேண்டிய கட்டாயம் இல்லை.

குதிரையா, எருதா?

இழுத்த விலங்கு எது என்பதை உலோகமே காட்டிக்கொடுக்கும். எருது தன் கழுத்தின் மேல் கிடக்கும் நுகத்தைத் திமிலால் தள்ளுகிறது. அந்த விசை நுகத்தடியின் நடுவிலிருந்து ஏர்க்கால் வழியாக நேரே வண்டிக்குப் போகிறது. எனவே மாட்டு வண்டியின் முன்னுறுப்பில் நுகத்தைப் பிணைக்கும் துளையோ முளையோ ஒன்று இருக்கும். பக்கங்களில் கொக்கிகள் தேவையில்லை.

குதிரையின் கழுத்து அப்படிப்பட்டதன்று. கழுத்துப்பட்டையையோ மார்ப்பட்டையையோ முட்டி அது முன்னேற, உடலின் இருபுறமும் ஓடும் இழுவார்கள் வண்டியை இழுக்கின்றன. இழுவார்கள் வந்து மாட்ட வண்டியின் முன்சட்டத்தில் இணை இணையாகக் கொக்கிகள் வேண்டும். அந்தக் கொக்கியைக் கையில் எடுத்து வளைவின் உட்புறத்தைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட கொக்கியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தத் திசையில் இழுவிசை இருந்தது. துருவுக்கு அடியிலும் அந்தச் சாய்வு மறையாது.

பீரங்கியைக் குதிரைகள் நேரடியாக இழுப்பதில்லை. பீரங்கி வண்டியின் வாலில் ஒரு கண் இருக்கும். இரண்டு சக்கரம் கொண்ட முன்வண்டியின் பின்புறக் கொக்கியில் அந்தக் கண்ணை மாட்டுவார்கள். இந்த முன்வண்டிக்கு லிம்பர் என்று பெயர். குண்டு, மருந்துப் பெட்டிகள் அதன்மேல் இருக்கும். 1904இல் வந்த பிரித்தானியப் பதினெட்டு இறாத்தல் பீரங்கியை இழுக்க ஆறு குதிரைகள், மூன்று சோடிகளாக. ஓட்டுநர் மூவரும் ஒவ்வொரு சோடியிலும் இடப்பக்கக் குதிரையின்மேல் ஏறி அமர்ந்தார்கள். கோப்பி வண்டியிலோ பயணிகள் வண்டியிலோ இப்படி ஓர் இணைப்புக்கு வேலையே இல்லை. அதனால் வாற்கண்ணோ பின்கொக்கியோ கிடைத்தால் படைத்தொடர்பு அநேகமாக உறுதி. கடையாணி மட்டும் கிடைத்தால் அவ்வளவு உறுதி இல்லை. எல்லா வண்டிக்கும் கடையாணி உண்டு.

எருதும் படையில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பனியின் படைகளில் எருதுகள் இழுத்த பீரங்கி அணிகள் இருந்தன. மாட்டு வண்டி என்று நிரூபித்துவிட்டால் படை வண்டி இல்லை என்று நிரூபித்ததாகாது.

எந்த அங்குலம்?

செய்த பட்டறையின் நாட்டைச் சொல்லும் எளிய கருவி அளவுகோல். பழைய பட்டறைகள் முழு அங்குலத்திலும் அரை, கால் அங்குலத்திலும் வேலை செய்தன. ஆனால் எல்லோருடைய அங்குலமும் ஒன்றாக இருக்கவில்லை. ஆங்கில அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஒல்லாந்தர் பாவித்த ரைன்லாந்து அங்குலம் 26.2 அளவில். புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சு அங்குலம் 27.1 அளவில். நான்கு அங்குலம் என்று திட்டமிட்டுச் செய்த ஒரு துண்டு ஆங்கிலப் பட்டறையில் 101.6 மில்லிமீட்டர் வரும். ஒல்லாந்தப் பட்டறையில் ஏறத்தாழ 104.6, பிரெஞ்சுப் பட்டறையில் 108.3.

ஒரே ஓர் அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், மேற்பரப்பு ஊதிப்போயிருக்கும். ஆகையால் துரு பாதிக்காத அளவுகளையே எடுக்க வேண்டும்: ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை உள்ள தூரம் இரும்பு ஊதினாலும் மாறாது. இப்படி ஐந்தாறு மைய தூரங்களை எடுத்து, அவை அனைத்தும் எந்த அங்குலத்தில் ஏறக்குறைய முழு எண்ணாகவோ கால் பங்காகவோ விழுகின்றன என்று பார்க்க வேண்டும்.

மரையாணி இருந்தால் இன்னும் நல்லது. 1841இல் ஜோசப் விட்வர்த் திருகுமரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் சுரையில் ஏறாது. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செலர்ஸ் 60 பாகைக் கோணத்தில் வேறோர் அளவைக் கொண்டுவந்தார். அரை அங்குல ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். விட்வர்த் அளவில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை. செலர்ஸ் வழிவந்த அளவில் 13. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பத்து மரைகளின் நீளத்தை ஒன்றாக அளந்தால் முதலாவது 21.2 மில்லிமீட்டர், இரண்டாவது 19.5. பள்ளிப் பிள்ளையின் அளவுகோலே போதும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. சக்கரத்திலும் அச்சிலும் அடிக்கடி மாற்றப்படுவது மரையாணி. அது சொல்வது பழுதுபார்த்த காலத்தை. வண்டி பிறந்த காலத்தை அன்று. மரை விட்வர்த் அளவு என்றால் அந்த ஆணி 1841க்குப் பிந்தியது என்று சொல்லலாம். அது எவ்வளவு பிந்தியது என்று சொல்ல முடியாது. விட்வர்த் மரை இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் வெட்டப்பட்டது.

இரும்பின் உள்ளே

அடுத்த சான்று உலோகத்தின் உடம்பில் இருக்கிறது. 1784இல் ஹென்றி கோர்ட் காப்புரிமை பெற்ற கிளறுலை முறையில் உருவான தேனிரும்பே 19ஆம் நூற்றாண்டு வண்டிகளின் உலோகம். உலையில் சேர்ந்த கசடு முழுதும் வெளியேறாது. சுத்தியலாலும் உருளையாலும் நீட்டும்போது கசடும் இழை இழையாக நீளும். அதனால் தேனிரும்பை வளைத்து முறித்தால் கரும்பை முறித்தாற்போல நார் நாராகப் பிரியும். எஃகு அப்படி முறியாது. முறிந்த முகம் மணிமணியாக இருக்கும். 1856இல் பெசமர் தன் முறையை அறிவித்தார். அடுத்த பதிற்றாண்டில் சீமன்ஸ்–மார்ட்டின் திறந்த உலை வந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் மலிவான மென்னெஃகு தேனிரும்பின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது.

அரிய பொருளை முறித்துப் பார்க்க முடியாது, முறிக்கவும் கூடாது. இயற்கையே அந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கும். நெடுநாள் ஈர மண்ணில் கிடந்த தேனிரும்பில், துரு கசடு இழைகளுக்கு இடையில் ஓடி, மேற்பரப்பு நீளவாட்டில் வரிவரியாக அரிக்கப்பட்டிருக்கும். மென்னெஃகு குழிகுழியாக அரிக்கும். கைவிளக்கைக் கிடையாகப் பிடித்துப் பார்த்தால் இந்த வரிகள் நிழலாகத் தெரியும். ஆய்வகத்தில் கடுகளவு துண்டை மெருகேற்றி அமிலம் தடவி நுண்ணோக்கியில் வைத்தால் ஐயம் தீரும்.

இலங்கைக்கே உரிய இரும்பாக இருக்க வாய்ப்புண்டா? இந்தத் தீவுக்கு நீண்ட இரும்பு மரபு இருக்கிறது. சமனலவெவ பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் ஆராய்ந்து 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கிராமக் கொல்லர் உலைகள் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தன. உள்ளூர் இரும்பையும் பிரித்தானிய இரும்பையும் பிரிக்க ஒரு நல்ல வழி எரிபொருள். உள்ளூர் உலை மரக்கரியில் எரிந்தது. பிரித்தானிய இரும்பு 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் நிலக்கரியிலும் கோக்கிலும் உருகியது. இரும்புக்குள் தங்கிய கார்பனை எடுத்துக் கதிரியக்கக் கார்பன் அளந்தால், மரக்கரியிலிருந்து வந்ததில் கார்பன்-14 இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுப் பழைமையான நிலக்கரியிலிருந்து வந்ததில் இருக்காது. காலம் சொல்ல இந்த முறை இங்கே அதிகம் உதவாது. 1650க்குப் பிந்தைய மூன்று நூற்றாண்டுகளுக்குக் கார்பன் அளவீட்டின் வளைகோடு ஏறி இறங்கி, ஒரே அளவுக்குப் பல ஆண்டுகளை விடையாகத் தந்துவிடும். எரிபொருளைச் சொல்வதில் அது வலுவான சான்று.

பூச்சு மிஞ்சியிருந்தால் அதையும் பார்க்கலாம். டைட்டானியம் வெள்ளை விற்பனைக்கு வந்தது முதலாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில்தான். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைப் பூச்சின்மேல் பிடித்து, டைட்டானியம் தெரிந்தால் 1920க்குப் பிந்திய பூச்சு என்று சொல்லத் தோன்றும். இலங்கையில் இங்கே நிதானம் வேண்டும். புல்மோட்டைக் கடற்கரை மணல் இல்மனைட்டுக்குப் பெயர்போனது. இல்மனைட்டில் இருப்பது டைட்டானியம். மலைநாட்டு மண்ணிலும் இந்தக் கனிமம் கலந்திருக்கிறது. ஒட்டிய மண்ணை அளந்துவிட்டுப் பூச்சை அளந்ததாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கிடைத்த இடத்து மண்ணில் ஒரு பிடியை எடுத்து அதையும் தனியாக அளந்தால் இந்தத் தவறு நேராது.

சென்னையின் பெயர் கொண்ட சக்கரம்

வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் நுனியில் வட்டைகள், வட்டைகளைச் சுற்றி இரும்புப் பட்டை. பிரித்தானியக் கைவினையில் குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்பது நெடுங்கால வழக்கு. பீரங்கிச் சக்கரத்துக்குப் பொதுவாக ஆரக்கால் 12, வட்டை 6. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால்.

மரக்குடத்துக்கு வெப்ப நாடு பகை. மழைக்காலத்தில் ஊறி, கோடையில் சுருங்கி, ஆரக்கால் சொருகிய துளைகள் தளரும், குடம் வெடிக்கும். ஒரு குடம் போனால் முழுச் சக்கரமும் போயிற்று. சென்னை மாகாணப் படையில் இதற்கு ஒரு தீர்வு உருவானது. குடத்தை உலோகத்தில் செய்தார்கள். இரண்டு வட்டத் தகடுகள். இடையில் ஆப்பு வடிவில் சீவிய ஆரக்கால் அடிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வட்டமாக நிற்கும். தகடுகளை ஆணிகள் ஊடுருவி இறுக்கும். ஓர் ஆரக்கால் முறிந்தால் ஆணிகளைத் தளர்த்தி அதை மட்டும் மாற்றலாம், வழியிலேயே மாற்றலாம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரித்தானியப் பீரங்கிப் படையே இந்த அமைப்பை எடுத்துக்கொண்டது. வுல்விச் படைக்கலச் சாலையின் நூல்கள் இதை “மதராஸ் மாதிரி” என்றே அழைத்தன.

எல்கடுவ மண்ணிலிருந்து ஆணித் துளைகள் கொண்ட வெண்கல வளையம் ஒன்று கிடைக்குமானால், முதல் இரண்டு கேள்விகள் எப்படிப் பிரிகின்றன என்பதைக் கண்ணெதிரே காணலாம். வடிவம் பிறந்தது சென்னையில். ஆனால் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்ட பின் வுல்விச்சிலும் இத்தகைய குடங்கள் வார்க்கப்பட்டன. மதராஸ் மாதிரி என்பதால் மதராஸில் செய்தது என்று சொல்லிவிட முடியாது.

செய்த இடத்தைப் பிரித்தறிய மரம் உதவும். குடத்தின் இடுக்கில், அழுகிய ஆரக்காலின் எச்சம் துருவோடு கலந்து கல்லாக இறுகியிருப்பது வழக்கம். இரும்பின் உப்புகள் மரத்தின் கலங்களுக்குள் புகுந்து அவற்றின் வடிவத்தை அப்படியே காத்து வைக்கின்றன. குறுக்கு, ஆரை, தொடுகோடு என மூன்று வெட்டுகளில் நுண்ணோக்கியால் பார்த்தால் மரத்தின் இனம் தெரியும். ஓக் மரத்தில் அகன்ற கதிர்க்கீற்றுகள். எல்ம் மரத்தில் அலையலையாக ஓடும் துளை வரிசைகள். இவை வந்தால் ஐரோப்பாவைப் பார்க்கலாம். தேக்கும் கருவேலமும் வந்தால் இந்தியப் பட்டறைகளைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் படைக்கான பீரங்கி வண்டித் தொழிற்கூடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. பின்னர் அது சென்னைக்கு மாறியது. கல்கத்தாவுக்கு அருகே காசிப்பூரில் 1802இல் உற்பத்தி தொடங்கியது. ஜபல்பூர் தொழிற்சாலை 1904இல் வந்தது.

இடையில் ஒரு மரம் நம்மைத் தடுமாறச் செய்யும். சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சவண்டலை என்றும் சொல்லப்படும் மரம் இலங்கையின் வறள்வலயக் காடுகளில் வளர்வது. நெகிழ்வும் வலுவும் ஒருங்கே உள்ள மரம். திருகோணமலையிலிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போனதால் வணிகர்கள் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். சென்னையில் அது வண்டிக்கும் மசூலாப் படகுக்கும் பயன்பட்டது. ஆகவே ஆரக்கால் சவண்டலை என்று தெரிந்தாலும், இலங்கையில் செய்ததா, இலங்கை மரத்தில் சென்னையில் செய்ததா என்ற கேள்வி நிற்கும். அளவுகோலும் உலோகமும் சேர்ந்தே அதற்கு விடை தர வேண்டும்.

முத்திரை பேசும்போது

பலரும் முதலில் தேடுவது முத்திரையை. இந்த அத்தியாயத்தில் அது பின்னால் வருவது வேண்டுமென்றேதான். உடம்பைப் படித்த பிறகு முத்திரையைப் படித்தால் ஏமாற வாய்ப்புக் குறைவு.

மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி பிரித்தானிய அரசின் உடைமைக் குறி. தனியாக நின்றால் பிரித்தானியா. அம்புக்குக் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்து நின்றால் இந்திய அரசு. ‘சி’ எழுத்துக்குள் நின்றால் கனடா. இருபுறமும் ‘டி’ நின்றால் ஆஸ்திரேலியா. ‘ஆர் சி டி’ என்ற மூன்றெழுத்து வுல்விச்சில் இருந்த அரச வண்டித் துறையைக் குறிக்கும். ஒல்லாந்தக் கம்பனியின் பொருளில் ‘வி’ எழுத்தின் இரு கைகளில் ‘ஓ’வும் ‘சி’யும் பின்னியிருக்கும். எல்கடுவ போன்ற இடத்தில் மிக முக்கியமானது வேறொரு குறி: இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்பது. படையிலிருந்து கழித்து விற்ற பொருள் என்பது அதன் பொருள். அந்த ஒரு குறி நான்காவது கேள்விக்கு விடை தந்துவிடும். பொருள் போரில் விட்டுச்செல்லப்பட்டது அன்று. சந்தை வழியாக வந்தது.

எண்களிலும் கவனம் வேண்டும். பீரங்கிக் குழாயில் 9–3–26 என்று வெட்டியிருந்தால் அது தேதி என்று தோன்றும். அது எடை. முதல் எண் அந்தர். ஓர் அந்தருக்கு 112 இறாத்தல். இரண்டாவது, 28 இறாத்தல் கொண்ட கால் அந்தர். மூன்றாவது மீதி இறாத்தல். 1,008, 84, 26 என்று கூட்டினால் 1,118 இறாத்தல். ஏறக்குறைய 507 கிலோ. நடு எண் 3க்கு மேல் போகாது. கடைசி எண் 27க்கு மேல் போகாது. இந்த வரம்புக்குள் எல்லா எண்களும் விழுந்தால் எடை என்று எடுத்துப் பார்க்கலாம்.

பழம்பொருள் சந்தையில் போலி அம்புக்குறிகளும் உண்டு. சாதாரண வண்டியாணியில் அம்பு அடித்தால் விலை ஏறும். உருப்பெருக்கியால் குறியின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பழைய முத்திரையின் பள்ளத்திலும் சுற்றுப்புறத்திலும் துரு ஒரே தடிப்பில், ஒரே நிறத்தில் இருக்கும். புதிதாக அடித்ததில் துருப் படலம் விளிம்பில் வெடித்திருக்கும். பள்ளத்துள் உலோகம் இளமையாகத் தெரியும். மாறாக, உண்மையான முத்திரை துருவுக்குள் முழுதும் மறைந்திருந்தால் எக்ஸ்-கதிர்ப் படம் அதை வெளிக்கொணரும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்ப்பவர் இந்த இரண்டு சான்றுகளையும் ஒரு நிமிடத்தில் அழித்துவிடுவார்.

கண்டிக்குத் திரும்பிய பீரங்கி

இப்படிப் பல வகைச் சான்றுகள் கூடி வேலை செய்ததற்கு நம் மலைநாட்டோடு தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வெண்கலக் குழாயின் மேல் பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள் பதித்த சிறிய சடங்குப் பீரங்கி ஒன்று இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நெதர்லாந்தில் இருந்தது. அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலை அதைக் காட்சிக்கு வைத்திருந்தது. லெவ்கே திசாவை கண்டி மன்னருக்கு 1740களில் அளித்த காணிக்கை அது. 1765இல் ஆளுநர் லூபர்ட் யான் வான் எக் தலைமையில் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்டது. அப்போது ஆண்டவர் நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்.

நெதர்லாந்து ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து ஆவணங்களையும் குழாயின் வடிவத்தையும் அதில் பொறித்த சிங்கள எழுத்துகளையும் அலங்காரத்தையும் ஒருசேரப் படித்தார்கள். குழாயின் அமைப்பு ஒல்லாந்தப் பாணி. மேலே உள்ள சூரியன், பிறை, சிங்கம் ஆகியவை கண்டி மன்னரின் சின்னங்கள். எழுத்து காணிக்கை அளித்தவரைச் சொல்கிறது. ஆவணம் கொள்ளையைச் சொல்கிறது. அமைப்பை மட்டும் பார்த்து இது ஒல்லாந்தருடையது என்று நிறுத்தியிருந்தால், ஒரு நாட்டின் உடைமை அந்நிய நாட்டிலேயே தங்கியிருக்கும். நான்கு கேள்விகளையும் தனித்தனியே கேட்டதால் உண்மை துலங்கியது. 2023இல் வேறு ஐந்து பொருள்களோடு அந்தப் பீரங்கி இலங்கைக்குத் திரும்பியது.

கண்டெடுப்பவர் செய்ய வேண்டியது

எந்த ஆய்வகத்தாலும் திருப்பித் தர முடியாத சான்று ஒன்றே ஒன்று: கிடைத்த இடம். எத்தனை அடி ஆழம், அருகில் என்ன இருந்தது, மண் கலைந்த மண்ணா, பழைய வண்டிப்பாதையின் ஓரமா, கோப்பிக் காலத்துக் களஞ்சியத்தின் அடித்தளமா என்பதெல்லாம் எடுத்த கணத்தில் குறிக்காவிட்டால் போய்விடும். துண்டை அசைக்கும் முன் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது, காயவைக்க அடுப்பருகே வைக்கக் கூடாது.

சட்டத்துக்கும் காலம் முக்கியம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஐத் தொல்பொருளுக்கான எல்லையாக வைத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். அதற்கு முந்தியதாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் முறை. 1803ஆம் ஆண்டுக் கோட்டைக்கு வந்த வண்டியின் துண்டா, 1880க்குப் பின் புகையிரதத்தில் வந்ததா என்ற கேள்வி இங்கே வெறும் ஆர்வத்துக்குரியதாக நிற்பதில்லை.

மாத்தளை மலைகளின் எழுதப்பட்ட வரலாற்றில் ஜெனரல்களும் ஆளுநர்களும் துரைமாரும் பெயரோடு இருக்கிறார்கள். வண்டியை இழுத்த லஸ்கர், ஆரக்கால் மாற்றிய தச்சர், பட்டை காய்ச்சி ஏற்றிய கொல்லர், மன்னாரிலிருந்து காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்து இந்தத் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளர் ஆகியோர் பெயரின்றி இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையின் தடயம் காகிதத்தில் மிகக் குறைவு. இரும்பில் நிறைய உண்டு. மாற்றிய ஆணி, வேறு மரத்தில் சீவிய ஆரக்கால், உள்ளூர் உலையில் ஒட்டவைத்த முறிவு எல்லாம் அவர்களின் கைவேலை. ஒரு துண்டின் நான்கு பிறப்பிடங்களையும் பொறுமையாகத் தேடுபவர் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு வரலாற்றில் உரிய இடத்தை மீட்டுக் கொடுக்கிறார். அதனால்தான் இந்தத் தேடலைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.